வாய் நாற்றமும் கல்லீரல், குடல் நலமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

முக்கியக் கருத்துகள்

• வாய் நாற்றத்திற்குப் பெரும்பாலும் காரணம் வாயே. நாக்கின் படிவு, ஈறு நோய், சொத்தைப் பல் ஆகியவை முதலிடம் பெறுகின்றன.
• இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவற்றால் நாற்றம் ஏற்படுவது குறைவு. அவ்வாறு ஏற்படும்போது, பெரும்பாலும் வேறு அறிகுறிகளும் உடன் காணப்படும்.
• கல்லீரல் நோய் உள்ளவரின் மூச்சில் புதிதாக இனிப்பு கலந்த பூஞ்சண வாடை வீசி, அவர் குழப்பமாகவோ வழக்கத்திற்கு மாறான தூக்கத்துடனோ இருந்தால், அது அவசர நிலை. 108-ஐ அழைக்கவும்.
• வாய் நாற்றத்திற்காக மருத்துவர் ஆலோசனையின்றி இரைப்பை அமில மாத்திரைகளையோ கல்லீரல் டானிக்குகளையோ தொடர்ந்து உட்கொள்ள வேண்டாம்.

அறிமுகம்

"பல் துலக்கியும் வாய் நாறுகிறது, வயிற்றில் புண் இருக்குமோ?" "ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்தது, அதனால்தான் வாய் நாறுகிறதா?" ஆவடி, சேக்காடு, பட்டாபிராம், பூவிருந்தவல்லி என மேற்குச் சென்னையின் புறநகர்ப் பகுதிகளிலிருந்து அரசு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. வாய் நாறினால் வயிறு கெட்டுவிட்டது என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவும் கருத்து. அதில் ஓரளவு உண்மை இருப்பினும், பெரும்பாலோருக்கு அது பொருந்துவதில்லை.

இந்தக் கருத்தினால் இருவகைத் தீங்குகள் நேர்கின்றன. ஈறு நோய் உள்ள ஒருவர் பல் மருத்துவரைக் காணாமல், ஆண்டுக்கணக்கில் அமில மாத்திரையை உட்கொண்டு, இறுதியில் பற்களை இழக்கிறார். மறுபுறம், உண்மையிலேயே கல்லீரல் செயலிழந்து வரும் ஒருவரின் மூச்சு வாடையும் தடுமாற்றமும் "மறுபடியும் குடித்துவிட்டார்" என்று வீட்டாரால் தவறாகக் கொள்ளப்பட்டு, சிகிச்சைக்குரிய நேரம் வீணாகிறது. இவ்விரு தவறுகளையும் தவிர்ப்பதற்கு உதவுவதே இப்பக்கத்தின் நோக்கமாகும்.

நாற்றம் எவ்வாறு உண்டாகிறது?

நம் வாயில், குறிப்பாக நாக்கின் பின்பகுதியிலும் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான இடுக்குகளிலும், காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் உள்ளன. உணவுத் துணுக்குகள், உதிர்ந்த செல்கள், உமிழ்நீர் ஆகியவற்றில் உள்ள புரதத்தை இவை சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிப்படுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. முன்னது அழுகிய முட்டையின் நாற்றமுடையது. பின்னது அழுகிய முட்டைக்கோசை ஒத்தது.

உமிழ்நீர் இப்பாக்டீரியாக்களைக் கழுவி அகற்றுகிறது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதாலேயே காலையில் அனைவருக்கும் வாய் நாறுகிறது. பல் துலக்கி, நீர் அருந்தி, உணவு உண்டதும் அது நீங்கிவிடும். இது நோயன்று. விரதம், குறைவாக நீர் அருந்துதல், வாயால் மூச்சு விடுதல், ஒவ்வாமைக்கும் மன அழுத்தத்திற்கும் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் வாயை உலரச் செய்து நாற்றத்தை மிகுவிக்கும்.

பெல்ஜியம் நாட்டின் லுவென் நகரில் வாய் நாற்றத்திற்காகச் சிகிச்சைக்கு வந்த 2,000 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 76 விழுக்காட்டினருக்குக் காரணம் வாயிலேயே இருந்தது. நாக்குப் படிவு மட்டுமே 43 விழுக்காட்டினருக்குக் காரணமாயிருந்தது. காது, மூக்கு, தொண்டை மற்றும் வாய்க்கு அப்பாற்பட்ட காரணங்கள் சுமார் 4 விழுக்காட்டினரிடமே காணப்பட்டன. சுமார் 16 விழுக்காட்டினருக்குப் பிறர் உணரக்கூடிய நாற்றமே இல்லை. இருப்பதாக அவர்கள் அஞ்சினர். ஆகவே வயிற்றையும் கல்லீரலையும் ஐயுறும் முன் வாயைச் சோதிப்பதே முறையாகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை

ஒருவர் தம் வாய் நாற்றத்தைத் தாமே சரியாக உணர்வது கடினம். நம்பிக்கைக்குரிய குடும்ப உறுப்பினர் ஒருவரின் உதவியை நாடவும். பூண்டு, வெங்காயம், காப்பி ஆகியவற்றை உட்கொண்ட உடனேயும், மணமுள்ள வாய்க்கழுவியைப் பயன்படுத்திய உடனேயும் இச்சோதனையைச் செய்ய வேண்டாம்.

1. முதலில் வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கின் வழியாக மூச்சை வெளிவிடவும். உதவுபவர் சுமார் ஒரு சாண் தொலைவிலிருந்து முகர்ந்து பார்க்கட்டும்.
2. பின்னர் மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, வாயின் வழியாக மூச்சை வெளிவிடவும். உதவுபவர் மீண்டும் முகர்ந்து பார்க்கட்டும்.

இதன் பொருள்:

• வாய் வழி மூச்சில் மட்டும் நாற்றம் இருந்தால், காரணம் வாயிலோ தொண்டையிலோ இருக்கலாம். பல் மருத்துவரை முதலில் காணவும்.
• மூக்கு வழி மூச்சில் மட்டும் இருந்தால், சைனஸ் அழற்சி போன்ற மூக்குக் கோளாறாக இருக்கலாம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காணவும். சிறு குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமும் சளியும் இருந்தால், மூக்கினுள் பொருள் ஏதும் சிக்கியுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
• இரண்டிலும் ஒரே அளவில் இருந்து, பல் துலக்கிய பின்னும் மாறாதிருந்தால், இரத்தத்தில் கலந்துள்ள வாயு நுரையீரல் வழியே வெளிவருகிறது எனக் கருதலாம். பொது மருத்துவரைக் காணவும்.

இச்சோதனை வழிகாட்டுவதற்கு மட்டுமே. நோயை உறுதிசெய்வதற்கு அன்று.

இரைப்பை, குடல் கோளாறுகளும் வாய் நாற்றமும்

உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள தசை வளையம், ஏப்பமும் விழுங்குதலும் நிகழாத வேளைகளில் மூடியே இருக்கும். எனவே இரைப்பையில் உள்ள வாயு இடைவிடாமல் வாய் வழியே வருவதில்லை. ஏப்பம் விடும்போது ஒரு கணம் வாடை வருவது இயல்பே. நாள் முழுவதும் நீடிக்கும் நாற்றத்திற்கு இரைப்பையைக் காரணமாகக் கொள்வது பெரும்பாலும் பொருந்தாது. எனினும் பின்வரும் நிலைகளில் தொடர்பு உண்டு.

அமில எதுக்களிப்பு: இரைப்பை அமிலம் அடிக்கடி மேலேறும்போது நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், இரவில் இருமல், காலையில் வாய்க் கசப்பு ஆகியவற்றோடு வாய் நாற்றமும் இருக்கலாம். எதுக்களிப்புக்குச் சிகிச்சை பெறும்போது சிலருக்கு நாற்றமும் குறைகிறது. நெஞ்செரிச்சல் ஏதுமின்றி நாற்றம் மட்டும் இருப்பவருக்கு இம்மாத்திரைகளால் பயன் கிடைப்பது அரிது.

ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி: இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான இக்கிருமியைக் கண்டறிந்தமைக்காக பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமிக்கும் வாய் நாற்றத்திற்கும் உள்ள தொடர்பு குறித்து ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மேல் வயிற்று வலி, செரிமானக் கோளாறு, புண் ஆகியவை இருந்தால் மருத்துவர் பரிசோதித்துச் சிகிச்சை அளிப்பார். வாய் நாற்றத்திற்காக மட்டும் கூட்டு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைத் தாமாக உட்கொள்ளலாகாது.

உணவு தேங்கும் நோய்கள்: உணவுக்குழாயின் மேற்பகுதியில் பை போன்ற புடைப்பு உண்டாதல், அடிப்பகுதி விரிவடையாமை, இரைப்பையின் வெளிவாயில் அடைப்பு ஆகிய நிலைகளில் உண்ட உணவு தேங்கிப் புளித்து நாறுகிறது. விழுங்கும்போது தடை, பல மணி நேரத்திற்கு முன் உண்ட உணவு செரிக்காமல் மேலே வருதல், உடல் எடை குறைதல் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். இவை அரிதானவை எனினும் எண்டோஸ்கோப்பி போன்ற பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாதவை.

குடல் அடைப்பு: வயிறு உப்பி, கடும் வலியுடன், மலமும் வாயுவும் வெளியேறாமல், வாந்தியிலும் மூச்சிலும் மல நாற்றம் வீசினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சாதாரண மலச்சிக்கல் வாய் நாற்றத்திற்கு நேரடிக் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை. வயிற்றைச் சுத்தம் செய்வதாகக் கூறி அடிக்கடி பேதி மருந்து உட்கொள்வதால் உடலில் நீர் குறைந்து, வாய் உலர்ந்து, நாற்றம் கூடவே செய்யும். பின்னர் விளக்கப்படுவதுபோல், கல்லீரல் நோயாளிகளுக்கு மட்டும் மலச்சிக்கல் மிக முக்கியமான அபாயக் காரணி ஆகும்.

கல்லீரலும் மூச்சின் வாடையும்

குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உணவின் புரதத்தைச் சிதைத்துக் கந்தகச் சேர்மங்களையும் அம்மோனியாவையும் உண்டாக்குகின்றன. இவை குடலிலிருந்து போர்ட்டல் சிரை என்னும் இரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலை அடைகின்றன. நலமான கல்லீரல் இவற்றைப் பெருமளவு மாற்றியமைத்து அகற்றிவிடும். எனவே அவை நுரையீரலை எட்டுவதில்லை.

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயில் இரு மாற்றங்கள் நிகழ்கின்றன. நலமான கல்லீரல் செல்கள் குறைகின்றன. தழும்பேறிய கல்லீரலுக்குள் இரத்தம் எளிதில் நுழைய இயலாததால், போர்ட்டல் சிரையின் அழுத்தம் உயர்ந்து, இரத்தம் கல்லீரலைத் தவிர்த்துப் பக்கவழிகளில் இதயத்தை அடைகிறது. வடிகட்டப்படாத சேர்மங்கள் அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று மூச்சில் கலக்கின்றன.

இவ்வாடைக்கு மெத்தில் மெர்காப்டனே காரணம் என 1950-களில் கருதப்பட்டது. அது இரத்தத்தில் விரைவில் பிணைந்து மறைந்துவிடுவதால் மூச்சை எட்டுவதில்லை என்றும், இரத்தத்தில் நிலைத்து நிற்கும் டைமெத்தில் சல்பைடே முதன்மைக் காரணம் என்றும் 1994-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர்.

கல்லீரல் வாடை, மூடிவைத்த ஈரத்துணியின் பூஞ்சண வாடையோடு இலேசான இனிப்பும் கலந்தது போன்றது. பல் துலக்கினாலும் வாய் கொப்பளித்தாலும் அது நீங்காது. மூக்கு வழி மூச்சிலும் இருக்கும். இது நோயின் தொடக்கக் குறியன்று. முற்றிய சிரோசிஸ் நோயிலும் திடீர்க் கல்லீரல் செயலிழப்பிலுமே தோன்றும். கண் மஞ்சளாதல், வயிற்றில் நீர் கோத்தல், கால் வீக்கம், தசை மெலிவு, எளிதில் இரத்தம் கசிதல் ஆகியவற்றுள் சிலவேனும் பெரும்பாலும் உடன் காணப்படும்.

இதிலிருந்து மற்றொன்றும் தெளிவாகிறது. ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்புக் கல்லீரல், நிலை 1' என்றிருப்பதால் மட்டும் இவ்வாடை வருவதில்லை. கொழுப்புக் கல்லீரல் கவனிக்கப்பட வேண்டியதே. உடல் எடை, சர்க்கரை, இரத்தக் கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவதும் மதுவை நீக்குவதுமே அதற்கு வழி. வாய் நாற்றத்திற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

சிரோசிஸ் நோயாளியைப் பராமரிப்போர் கவனத்திற்கு

கந்தகச் சேர்மங்கள் எவ்வழியே நுரையீரலை அடைகின்றனவோ, அவ்வழியே அம்மோனியா மூளையை அடைகிறது. இதனால் உண்டாகும் மூளைப் பாதிப்பு படிப்படியாகத் தோன்றும். மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்களே காண்கிறார். உடனிருப்பவரே முதல் மாற்றத்தை அறிகிறார். கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்:

• இரவில் உறங்காமை, பகல் முழுதும் தூக்கம்
• பேச்சில் மந்தம், மறதி, காரணமற்ற சினம், பொருத்தமற்ற செயல்கள்
• கையெழுத்து மாறுதல், சட்டைப் பொத்தான் இடத் தடுமாறுதல்
• கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொன்னால், கைகள் இறக்கை அடிப்பதுபோல் துள்ளுதல்
• இடம், நாள், உறவினர் ஆகியவற்றை அறியாமை. எழுப்பியும் எழாத மயக்கம்

எளிய வழியாக, நாள்தோறும் ஒரே குறிப்பேட்டில் நோயாளியைத் தம் பெயரை எழுதச் சொல்லலாம். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்கிறார் என்பதையும் குறித்து வைக்கலாம். முந்தைய நாட்களைவிடத் தெளிவாகக் குறைந்தால் அன்றே மருத்துவரை அணுகவும்.

குடி மயக்கம் என்று முடிவுசெய்து விடாதீர்கள்

மதுப்பழக்கம் இருந்தவர் தடுமாறும்போது வீட்டார் அவரைக் கடிந்துகொண்டு படுக்கவைத்துவிடுவது வழக்கம். பின்வரும் மூன்று நிலைகளும் குடி மயக்கம் போலவே தோன்றும்: கல்லீரல் சார்ந்த மூளைப் பாதிப்பு, இரத்தச் சர்க்கரை மிகவும் குறைதல், மதுவை நிறுத்திய சில நாட்களில் வரும் நடுக்கம், பிரமை, வலிப்பு. மூன்றுமே சிகிச்சை அளிக்கத்தக்கவை. மூன்றுமே தாமதித்தால் உயிரைப் பறிக்கக்கூடியவை. அவர் குடித்திருந்தாலும், இல்லாவிட்டாலும், கல்லீரல் நோயாளி ஒருவர் குழப்பமாக இருந்தால் மருத்துவமனையே உரிய இடம்.

மூளைப் பாதிப்பைத் தூண்டுபவை

மலச்சிக்கல், நோய்த்தொற்று, இரைப்பை அல்லது குடலில் இரத்தக்கசிவு, வாந்தி பேதியால் நீரிழப்பு, சிறுநீர் பெருக்கி மாத்திரையின் அளவு மிகுதல், தூக்க மாத்திரை, மது, லாக்டுலோஸ் மருந்தை நிறுத்திவிடுதல் ஆகியவை முக்கியமானவை.

லாக்டுலோஸ் சிரப்பைச் சாதாரண மலமிளக்கி எனக் கருதி, மலம் கழிந்ததும் பலர் நிறுத்திவிடுகின்றனர். அது குடலில் அம்மோனியா உருவாவதையும் உறிஞ்சப்படுவதையும் குறைக்கும் மருந்தாகும். நாளொன்றுக்கு 2 முதல் 3 முறை இளகிய மலம் கழியும் அளவே இலக்கு. அதற்கு மேல் நீராகக் கழிந்தால் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்கவும். தாமாக நிறுத்த வேண்டாம்.

உணவில் செய்யப்படும் தவறு

அம்மோனியா புரதத்திலிருந்து வருகிறது என்று கேள்வியுற்றுப் பருப்பு, தயிர், முட்டை ஆகியவற்றை நிறுத்தி, கஞ்சி மட்டும் கொடுப்பவர்கள் உள்ளனர். இது தவறு. புரதம் குறைந்தால் தசை மெலிகிறது. அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான சிரோசிஸ் நோயாளிகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம் ஆகும். உணவைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்து, படுக்கும் முன் ஒரு சிற்றுணவும் தரவேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்தவற்றைத் தவிர்க்கவும்.

எலி பேஸ்ட்: தமிழ்நாட்டில் தனிக் கவனம் தேவைப்படும் நஞ்சு

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் உடலுக்குள் செல்வது, தமிழ்நாட்டில் திடீர்க் கல்லீரல் செயலிழப்பை உண்டாக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். இதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது. உட்கொண்டவரின் மூச்சில் பூண்டு போன்ற வாடை வீசக்கூடும். முதல் நாளில் வாந்தி, வயிற்று வலி தோன்றி, அடுத்த சில நாட்கள் நலமாகிவிட்டது போன்ற தோற்றம் ஏற்படும். அந்நாட்களில்தான் கல்லீரல் சேதமடைகிறது. மஞ்சள் காமாலை தோன்றிய பிறகு வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

ஆகவே, குழந்தை விளையாட்டாகத் தொட்டு வாயில் வைத்திருந்தாலும், பெரியவர் மனவேதனையில் உட்கொண்டிருந்தாலும், உடல்நிலை நன்றாகத் தோன்றினாலும் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். வீட்டில் வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். நஞ்சின் உறை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லவும். மனவேதனையில் உள்ளவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் 104 மற்றும் 14416 என்னும் எண்களில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம்.

வாடை சுட்டும் பிற நிலைகள்

• பழுத்த பழத்தின் வாடை: சர்க்கரை நோயாளிக்கு வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு ஆகியவற்றுடன் இவ்வாடை வீசினால் கீட்டோன் நஞ்சேற்றமாக இருக்கலாம். இது அவசர நிலை.
• சிறுநீர் அல்லது அம்மோனியா வாடை: முற்றிய சிறுநீரகச் செயலிழப்பில் காணப்படும்.
• மீன் வாடை: குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் டிரைமெத்திலமின் என்னும் பொருளைக் கல்லீரலின் ஒரு நொதி மாற்றியமைக்கிறது. பிறவியிலேயே அந்நொதி குறைந்த மிகச் சிலருக்கு மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் மீன் வாடை வீசும். இது தூய்மைக் குறைவன்று. உணவு மாற்றங்களால் குறைக்கலாம்.
• பூண்டு உண்ட பின் வரும் வாடை: பூண்டின் ஒரு கந்தகச் சேர்மம் குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தம் வழியே நுரையீரலை அடைகிறது. அதனால்தான் பல் துலக்கிய பின்னும் பல மணி நேரம் நீடிக்கிறது. இது தீங்கற்றது.

என்ன செய்ய வேண்டும்?

வாய்த் தூய்மை

• காலையிலும் இரவு படுக்கும் முன்பும் புளூரைடு பற்பசையால் இரண்டு நிமிடம் பல் துலக்கவும். பல் இடுக்குகளையும் நாள்தோறும் சுத்தம் செய்யவும்.
• நாக்கு வழிப்பானால் நாக்கின் பின்பகுதியிலிருந்து முன்நோக்கி மென்மையாக வழிக்கவும். இரத்தம் வருமளவு அழுத்த வேண்டாம்.
• கழற்றி மாட்டும் பல்செட்டை இரவில் கழற்றித் தூய்மை செய்து வைக்கவும்.
• போதிய நீர் அருந்தவும். சிறுநீரக, இதய, கல்லீரல் நோயாளிகள் மருத்துவர் குறித்த அளவையே பின்பற்றவும்.
• புகை, ஹான்ஸ், மாவா, குட்கா ஆகியவற்றை விட்டொழிக்கவும். ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பதில் குறைவு இருந்தால் புற்றுநோய்க்கான பரிசோதனை தேவை.
• குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியைப் பல் மருத்துவர் கூறும் நாட்களுக்கு மட்டும் பயன்படுத்தவும். நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் கறை படியும்.

கல்லீரல் நோயாளிகளுக்கான கூடுதல் அறிவுரை

• பல் பிடுங்குவதற்கு முன் கல்லீரல் நோய் இருப்பதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் கூறவும். இரத்தம் உறையும் தன்மையையும் தட்டணுக்களையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.
• பல் வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். இவை இரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கலாம். பாராசிட்டமாலின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்தவும்.
• ஓமிப்பிரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளின் நீண்டகாலப் பயன்பாட்டிற்கும் சிரோசிஸ் நோயாளிகளுக்கு வரும் நோய்த்தொற்று, மூளைப் பாதிப்பு ஆகியவற்றிற்கும் தொடர்பிருப்பதாகப் பல ஆய்வுகள் சுட்டுகின்றன. வாய் நாற்றத்திற்காக இவற்றை உட்கொள்ள வேண்டாம். வேறு காரணத்திற்காக மருத்துவர் தந்திருந்தால், அவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.
• கலவை தெரியாத மருந்துகள், சூரணங்கள், டானிக்குகள் கல்லீரலுக்குத் தீங்கு செய்யலாம். எந்த மருத்துவ முறையின் மருந்தானாலும் அதை மருத்துவரிடம் காட்டவும்.

எங்கு செல்ல வேண்டும்?

சேக்காடு மற்றும் சுற்றுப்பகுதி மக்கள் முதலில் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஆவடி அரசு மருத்துவமனையையோ அணுகலாம். ஈறு மற்றும் பல் நோய்களுக்கு உயர்சிகிச்சை தேவைப்பட்டால், சென்னைக் கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம்.

குடல், கல்லீரல் நோய்களுக்கான சிறப்புச் சிகிச்சை, சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கிடைக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையும் அடங்கும். 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றிற்கான பரிசோதனையும் மருந்துகளும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

செல்லும்போது தற்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், முந்தைய ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துச் செல்லவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல், ஈறு யாவும் நலமாக உள்ளன. அடுத்து என்ன?
தொண்டையின் டான்சில் குழிகளில் படியும் வெண்ணிறக் கற்கள், சைனஸ், வாய் உலர்வு ஆகியவற்றைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பரிசோதிப்பார். அவையும் இல்லையெனில் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றிற்கான இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படும். எண்டோஸ்கோப்பி அனைவருக்கும் தேவையில்லை. இரைப்பை, உணவுக்குழாய் நோயின் அறிகுறி உள்ளவருக்கே தேவை.

கல்லீரல் வாடையைப் போக்கத் தனி மருந்து உண்டா?
இல்லை. வாடை நோயன்று, நோயின் அடையாளம். கல்லீரல் நோய்க்கும் அதைத் தூண்டிய காரணத்திற்கும் சிகிச்சை பெறுவதே வழி.

நாற்றம் இல்லை என்று எல்லாரும் சொல்லியும் என்னால் நம்ப இயலவில்லை.
இது பலருக்கு ஏற்படும் உண்மையான துன்பம். பல் மருத்துவர் பரிசோதித்து நாற்றம் இல்லை என உறுதிசெய்த பின்னும் அச்சம் நீடித்தால், மனநல மருத்துவரின் உதவி பயன் தரும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

கல்லீரல் நோயாளியின் மூச்சு வாடையால் உடனிருப்பவருக்கு நோய் தொற்றுமா?
தொற்றாது. ஹெபடைடிஸ் பி, சி ஆகியவை மூச்சுக்காற்றால் பரவுவதில்லை. எனினும் இரத்தம் படக்கூடும் என்பதால் பல் துலக்கி, சவரக் கத்தி ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம். ஹெபடைடிஸ் பி நோயாளியின் குடும்பத்தினர் பரிசோதனை செய்துகொண்டு, தேவையெனில் தடுப்பூசி பெற வேண்டும்.

உடனடியாக 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

• கல்லீரல் நோயாளிக்குக் குழப்பம், மிகுந்த தூக்கம், மயக்கம்
• இரத்த வாந்தி அல்லது தார் போன்ற கருமலம்
• மஞ்சள் காமாலையுடன் நினைவுத் தடுமாற்றம்
• எலி பேஸ்ட் அல்லது வேறு நஞ்சு உட்கொண்டதாக ஐயம்
• வயிறு உப்பி, மலமும் வாயுவும் வெளியேறாமல் தொடர் வாந்தி
• சர்க்கரை நோயாளிக்குப் பழ வாடையுடன் வேகமான மூச்சு

மயக்கத்தில் உள்ளவருக்கு வாய் வழியாக நீரோ மருந்தோ கொடுக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஊர்தி வரும்வரை உடனிருக்கவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா. ஐயம் இருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கவும்.